நாலு நாள் ஓடிய படம்

ஒரு படத்தைப் பார்க்கச் சொல்லி நான் ஆட்களைக் கரைச்சல்படுத்தத் தொடங்கி நாற்பது வருடம் ஆகப் போகிறது. படம் எங்கே கிடைக்கும் என்று எனக்கே தெரியாது. மூலப் பிரதி எண்பத்து மூன்றில் கொழும்பில் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்தோடு எரிந்துபோனது என்கிறார்கள். அதைப் பற்றி யாரும் நாலு வரி எழுதியதாகவும் நான் காணவில்லை. இருந்தாலும் கேட்கிறவர்களுக்கு, அதில் தாயாகவும் மகனாகவும் வருகிற இரண்டு பேரின் நடிப்புக்காகவேனும் ஒருக்கால் பாருங்கள் என்றுதான் சொல்லுவேன். "இல்லாத படத்தை எப்பிடியப்பா பாக்கிறது?" என்று என் மனைவி கேட்பாள். அவளுக்கு அந்தப் படத்தைத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள்.

எங்கள் நாட்டில், எங்கள் ஆட்கள் எடுத்த தமிழ்ப் படம் அது. எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்துத் தியேட்டர் ஒன்றில் நாலு நாள் ஓடியது. முதல் நாள் பின்னேரக் காட்சிக்கு நானும் போயிருந்தேன். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கரையோரத்தில் ஒரு தாய், இரண்டு ஆண் பிள்ளைகள். ஒருநாள் இளையவன் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துவிட, மூத்தவன் தனியே கடலுக்குப் போகிறான். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு தாய் இளையவனோடு கதைப்பதில்லை. சோறு போடுவாள், உடுப்புத் தோய்த்துக் கொடுப்பாள், கதைக்க மாட்டாள். அவ்வளவுதான் படம்.

இளையவனாக நடித்தவர் நடிகரே இல்லை. குருநகரில் வலை இழுத்துக்கொண்டு நின்ற ஒரு மீனவர். டைரக்டர் தற்செயலாக அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, நீர்தான் நடிக்க வேண்டும் என்று கரையை விட்டுப் போகாமல் நின்றாராம். முகம் என்றால் அது முகம். ஆனால் அந்த மனிசன் திரையில் வாயைத் திறந்ததும் தியேட்டர் கொல்லென்று சிரித்தது.

ஏன் சிரித்தது என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. குரல் அவருடையது அல்ல. கொழும்பு ஸ்ரூடியோவில் யாரோ புத்திசாலிகள், வானொலி நாடகங்களில் நடிக்கிற ஒருவரைப் பிடித்து அவருக்குக் குரல் கொடுக்க வைத்திருந்தார்கள். அந்த வானொலிக்காரரோ கிழமைக்குக் கிழமை ஒரு பொய்க்காரக் கலியாணத் தரகராக வந்து குடாநாட்டையே வயிறு நோகச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவர். தேத்தண்ணிக் கடையிலும் சலூனிலும் அடுப்படியிலும் கேட்டுக் கேட்டு எங்களுக்கு ஊறிப்போன குரல். கடற்கரையில் நின்று தமையனைத் தேடுகிறவன் "அண்ணை... அண்ணை..." என்று கூப்பிட, எங்களுக்குத் தரகர் மாப்பிள்ளை பிடிக்க வந்ததுபோல இருந்தது. பின்வரிசையில் ஒருத்தன் "சீதனம் எவ்வளவு?" என்று கத்தினான். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

அடுத்த வருடம் மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட ஒரு வீடியோக் கடை போட்டேன். கொழும்பிலிருந்து வந்த கட்டுக்குள் அந்தப் படத்தின் கசெற்றும் ஒன்று கிடந்தது. ஒருத்தரும் எடுக்கவில்லை. ஒரு மத்தியானம், கடைக்கு வந்த இரண்டு பேர் சத்தமாக அரசியல் கதைத்துக்கொண்டிருக்க, வீடியோ டெக் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கையில் அகப்பட்ட கசெற்றைப் போட்டேன். அவர்களின் கதைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று ரீவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டேன். ஓடியது அந்தப் படம்.

பத்து நிமிடத்தில் நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ரீவிக்கு முன்னால் இருந்துவிட்டேன். அந்தக் குரல் இல்லாமல் போனதும்தான் மனிசனின் முகம் எனக்குத் தெரிந்தது. கடைசிப் பக்கம் ஒரு காட்சி வரும். மாதக்கணக்காகக் கதைக்காத தாய் அவனுக்குச் சோறு போடுகிறாள். குழம்பு மீனை எடுத்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல முள்ளை எல்லாம் நீக்கி, சதையை மட்டும் அவன் சோற்றுக் கோப்பையில் வைக்கிறாள். ஒரு வசனம் இல்லை. அவன் அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. அந்த மீனைப் பார்க்கிறான். பிறகு தாயைப் பார்க்கிறான். தாடை ஒருக்கால் அசைகிறது. தாயாக நடித்தவர் விரலில் ஒட்டின குழம்பைச் சீலைத் தலைப்பில் துடைக்கிறார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருக்கிறார். பெரிய பெரிய நடிகர்கள் மூன்று பக்க வசனம் பேசி அழுததை எல்லாம் பார்த்த ஆள் நான். ஒரு காட்சியை நான் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று தொடங்கியது என்னுடைய பைத்தியம். கடைக்கு வருகிற எல்லோரிடமும் அந்தக் கசெற்றைத் திணித்தேன். கொண்டுபோனவர்கள் அரை மணித்தியாலத்தில் திரும்பி வருவார்கள்.

"என்ன அண்ணை, உது பகிடிப் படமெண்டு முதலே சொல்லியிருக்கலாமே."

"பகிடியோ? சத்தத்தைக் குறைச்சுப்போட்டு அந்தாளின்ரை முகத்தைப் பாரடாப்பா!"

"காது கேக்கிற எனக்கு ஏன் அண்ணை ஊமைப் படம்?"

ஒருத்தனோடு கையைப் பிடித்துச் சண்டைக்கே போய்விட்டேன். அவன் பிறகு என் கடைப் பக்கம் வரவில்லை. போகட்டும், ரசனை கெட்டவன்.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை தொடங்கி, கரண்ட் போனது. போனதுதான். வீடியோக் கடையில் சவர்க்காரமும் நெருப்புப் பெட்டியும் விற்கத் தொடங்கினேன். கசெற்றுகளை எல்லாம் வீட்டு அலுமாரியில் போட்டுப் பூட்டினேன். கரண்ட் இல்லாத ஊரிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. யாராவது பழைய படம் ஒன்றைப் பற்றித் தொடங்கினால், அந்த மீன் முள் காட்சியைச் சொல்லாமல் விட மாட்டேன்.

மருதனார்மடம் சந்தையில் எனக்கு வழக்கமாக மீன் தருகிற ஒரு பெண் இருந்தாள். குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபோது இடம்பெயர்ந்து வந்து, எங்கள் இணுவிலிலேயே ஒரு வீட்டின் பின்பக்கத்தில் மகளோடு இருந்தாள். அவள் அதிகம் கதைக்க மாட்டாள். தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் அவள் எனக்கு மீன் வெட்டிக்கொண்டிருக்க, வழக்கம்போல நான் தொடங்கினேன்.

"தங்கச்சி, மீன் முள்ளை வச்சு ஒரு படத்திலை ஒரு கட்டம் வரும். நீ கட்டாயம் பாக்கவேணும்."

தாய் சோறு போடுவதையும் முள் நீக்குவதையும் அவன் பார்ப்பதையும் சொல்லிக்கொண்டே போனேன். கத்தி நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அதிலை நடிச்சவர் ஆரெண்டு தெரியுமே அண்ணை?"

"உங்கடை குருநகர் ஆள்தான். பேர்தான் வாயிலை வருகுதில்லை."

"அது என்ரை மனிசன்" என்றாள்.

பிறகு மீனை வெட்டி முடித்து, பனையோலைப் பையில் போட்டுத் தந்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னாள். அவர் கடலுக்குப் போனது எண்பத்தாறில். வள்ளம் வந்து ஒதுங்கியது, அவர் வரவில்லை. மகளுக்கு அப்போது இரண்டு வயது. குருநகர் வீட்டில் ஷெல் விழுந்தபோது கலியாணப் படங்களும் வீட்டோடு போயின. கடற்படை மறித்துக் கேட்கும் என்று அடையாள அட்டையைக் கடலுக்குக் கொண்டுபோகாமல் இருக்க முடியாது, ஆகையால் அதுவும் அவரோடு போய்விட்டது. அவருடைய முகம் உள்ள ஒரு துண்டுக் கடதாசி அவளிடம் இல்லை.

"பிள்ளை கேக்கிறாள், அப்பாவின்ரை மூக்கு என்ரை மூக்கு மாதிரியோ எண்டு. நானும் ஓம் எண்டு சொல்லுறன். எனக்கே இப்ப முகம் கலங்குது அண்ணை."

"கசெற் என்னட்டைக் கிடக்குது தங்கச்சி. ஓடுமோ தெரியாது. நான் ஓட வைக்கிறன்."

அவள் சந்தோசப்படுவாள் என்று பார்த்தேன். தலை குனிந்துகொண்டாள்.

"குரல் அவரின்ரை இல்லை, தெரியுந்தானே. அவருக்குக் கீச்சுக் குரல். கடலிலை கூப்பிட்டுக் கூப்பிட்டு அடைச்சுப்போன குரல். அதாலைதான் மாத்தினவை. முதல் நாள் நாங்களும் தியேட்டருக்குப் போனனாங்கள். அவர் வாயைத் திறக்க எல்லாரும் சிரிச்சவை. அவரும் சிரிச்சவர். 'நான் கதைச்சதெல்லாம் எங்கையடி போயிட்டுது?' எண்டு என்ரை காதுக்கை கேட்டவர். எனக்குத்தான் அழுகை வந்தது. என்ரை பிள்ளைக்கு முன்னாலை ஆரும் அப்பிடிச் சிரிச்சால் நான் தாங்க மாட்டன் அண்ணை."

அந்தச் சிரிப்பில் என்னுடையதும் இருந்தது என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அந்த நேரம் எனக்கு வந்ததெல்லாம் ஒரு யோசனைதான்.

"சத்தத்தை முழுக்கக் குறைச்சு விடுறன். ரீவியிலை சத்தம் பழுதெண்டு சொல்லுவம்."

"ஓம் அண்ணை. முகம் மட்டும் எண்டாலும் போதும்" என்றாள்.

கசெற்றைத் திறந்து பார்த்தால் நாடா முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். பஞ்சில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர் தொட்டு, கையால் சுற்றிச் சுற்றி, ஒரு கிழமையாகத் துடைத்தேன். வீடு முழுக்கக் காய்ச்சல்காரன் அறை மாதிரி மணந்தது. விளக்குக்கென்று வைத்திருந்த மண்ணெண்ணெயில் இரண்டு போத்தலை மனைவி எடுத்துத் தந்தாள். அதற்குமேல் இல்லை. ஒருதரம்தான் ஓட்டலாம்.

ஜெனரேற்றர் எங்கள் ஊர் லவுட்ஸ்பீக்கர்காரனுடையது. பெற்றோல் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுகிற சின்ன மெசின். அதை அவனைத் தவிர வேறொருவரும் தொடக்கூடாது, அவனும் கூடவே வருவான். சிக்கல் என்னவென்றால், அந்த வானொலித் தரகரின் குரலை அப்படியே பேசிக் காட்டுவதில் ஊரில் பேர்போனவன் அவன்தான். எந்தக் கலியாண வீட்டிலும் மைக் சோதிப்பது அந்தக் குரலில்தான். முதலே சொல்லி வைப்போமா என்று நினைத்தேன். சத்தம்தான் இல்லையே, ஏன் தேவையில்லாமல் ஒரு வாயைக் கிளறுவான் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு ஒன்பது வயது. கோவிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, இரண்டு பின்னலிலும் றிபன். தாய் ஊர் வழக்கப்படி பின்வளவுப் பக்கமாகப் போகத் திரும்ப, என் மனைவி கோபித்துக்கொண்டாள். "இஞ்சை முன்னாலை வாங்கோ! உதென்ன பழக்கம்?"

அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் போட்டுக் காட்டுவதுதான் என் எண்ணம். ஆனால் மூன்று வருடம் கரண்ட் காணாத ஊரில் ஜெனரேற்றர் சத்தம் கேட்டால் யார் வீட்டில் இருப்பார்கள்? எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை முழுக்க வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், தெல்லிப்பழையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அவர்களோடு ஒட்டியிருந்த ஆட்கள், எல்லாமாக இருபது பேருக்கு மேல். வாசலில் நிற்கிறவர்களைப் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யன்னல்களைப் படுக்கை விரிப்பால் மூடினோம். ஜெனரேற்றர் இரைச்சலில் குண்டு போடுகிற பொம்பர் விமானம் வருவது கேட்காது என்று மனைவி முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டாள். பாவம், அவள் அன்று படம் பார்க்கவில்லை.

"ரீவியிலை சத்தம் பழுது. சும்மா படம்தான் தெரியும்" என்று பொதுவாக அறிவித்தேன். இரண்டு மூன்று பேர் உச்சுக் கொட்டினார்கள்.

படம் ஓடியது. மேலே கோடு கோடாக விழுந்தாலும் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. மகள் ரீவிக்கு ஒரு முழம் தள்ளி, நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தாள். தாய் பின்னால் இருந்து குனிந்து சொன்னாள்: "உந்தா, வலையைத் தோளிலை போட்டுக்கொண்டு வாறார். அதுதான் அப்பா."

பிள்ளை கையை எடுத்துத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

கடற்கரைக் கட்டம் வந்தது. அவர் தண்ணீருக்குள் இறங்கி நின்று வாயைத் திறந்து கூப்பிடுகிறார். பிள்ளை சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, அப்பா கதைக்கிறார். சத்தத்தைக் கூட்டுங்கோ."

"பழுதெண்டு சொன்னனெல்லே பிள்ளை."

"அந்தக் குமிழை ஒருக்கால் திருப்பிப் பாருங்கோ மாமா. முடிய முதல் திருப்புங்கோ."

"ஓம், ஒருக்கால் திருப்பிப் பாருமன், என்ன குறைஞ்சு போகுது" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நான் தாயைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மகளின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் திருப்பினேன்.

"அண்ணை... அண்ணை..."

தரகரின் குரல் விறாந்தை வரைக்கும் கேட்டது. நான் ரீவியைப் பார்க்கவில்லை, லவுட்ஸ்பீக்கர்காரனைத்தான் பார்த்தேன். ஒரு சொல்லிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கலியாண வீட்டுச் சிரிப்பு வாய் முழுக்க வந்தது. முப்பது வயதைத் தாண்டின எல்லா முகத்திலும் ஓர் அசைவு ஓடியதைக் கண்டேன். ஒருத்தன் சிரித்தால் போதும், வீடு கிளம்பிவிடும். கடவுளே, இந்தப் பாழாய்ப்போன பெட்டியை உடைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பிள்ளை முழங்காலில் எழும்பி, ரீவியின் இரண்டு பக்கமும் கையை வைத்து, குரல் வருகிற இடத்தில் காதை வைத்துக்கொண்டாள். அதை அவன் கண்டான். திறந்த வாயை மூடினான். தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான். பிறகு தலை நிமிரவே இல்லை.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தக் குரலை ஆயிரம் தரம் கேட்டுச் சிரித்தவர்கள், இன்றுதான் முதன்முதல் கேட்கிறவர்கள்போல இருந்தார்கள். என்னைக் கேட்டால், அன்று நல்ல நடிப்பு அந்தப் படத்துக்குள் மட்டும்தான் இருந்தது என்று சொல்ல மாட்டேன். மீன் முள் காட்சி வந்தபோது தெல்லிப்பழைப் பெண்கள் இரண்டு பேர் வாய்விட்டே அழுதார்கள். அந்த வருடம் அழுவதற்கு எல்லா வீட்டிலும் ஒரு பேர் இருந்தது.

படம் முடிந்து ஜெனரேற்றரை நிற்பாட்டியதும் வீடு அப்படியே அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள் பிள்ளை திரும்பிக் கேட்டாள்.

"அம்மா, அப்பா வீட்டிலையும் இப்பிடித்தானோ கதைக்கிறவர்?"

எழும்பப் போனவர்கள் எழும்பவில்லை. வயரைச் சுற்றிக்கொண்டு நின்ற லவுட்ஸ்பீக்கர்காரன் சுற்றுவதை நிறுத்தினான். தாய் மகளின் பின்னலில் அவிழ்ந்திருந்த றிபனை எடுத்துத் திரும்பக் கட்டினாள். கட்டி முடிக்க நேரம் எடுத்தது.

"ஓம் பிள்ளை. இப்பிடித்தான்."

"என்னைக் கூப்பிடேக்கையும்?"

"உன்னைக் கூப்பிடேக்கையும்."

பிள்ளை அந்தக் குரலில் தன் பெயரைத் தானே மெல்லச் சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் தரம் இன்னும் சரியாக வந்தது. நான் கசெற்றை எடுக்கிற சாட்டில் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன்.

கசெற்றை ஒரு சொப்பிங் பையில் சுற்றி அவளிடமே கொடுத்தேன். தொண்ணூற்றைந்தில் இராணுவம் வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுக்க எழும்பி நடந்தபோது அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாது. கிளிநொச்சியில் கண்டதாக ஒருவர் சொன்னார், மன்னார் என்று இன்னொருவர் சொன்னார். பிறகு ஒரு தகவலும் இல்லை.

அன்று வாசல் படலை வரைக்கும் கூடப் போனேன். மகள் முன்னால் ஓடிவிட்டாள். தாய் நின்றாள்.

"நான் சொன்னது பிழையோ அண்ணை?"

"இல்லை தங்கச்சி. ஆர் பிழையெண்டு சொல்லுவினம்?"

"எத்தினை வருசமாப் பிள்ளைக்கு அந்தக் கீச்சுக் குரலிலை கதைச்சுக் காட்டவேணும் எண்டு பாத்தனான். எனக்கு வருகுதில்லை. ஆனால் இஞ்சை கேக்குது" என்று காதைத் தொட்டுக் காட்டினாள். "இனி அதை அவளுக்குச் சொல்லவும் ஏலாது. நான் செத்தால் அந்தக் குரலும் அதோடை சரி."

மகள் ஒழுங்கை முடக்கில் நின்று கூப்பிட்டாள். தாய் போய்விட்டாள்.